லுட்டீசியம் புற்றுநோய் மருந்து: ஒரே வாரத்தில் பாதியாகும் கதிர்வீச்சு, கழிவுக்கு மட்டும் ஏன் 4 வருடக் காத்திருப்பு?

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கம் நீளும் சாலை கடைத்தெருவை, நேரில் போகாத தமிழ் வாசகர்களுக்கும் ஆ. மாதவனின் கதைகள் வழியாகத் தெரியும். தேங்காய், கயிறு, பாத்திரம், பலசரக்கு என்று என்ன கேட்டாலும் கிடைக்கிற இடம். அங்கே விற்கும் கயிற்றுக்கும் அணு அறிவியலுக்கும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொடர்பு இருக்கு.

1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அதைத் தேடி அவர் வந்து சேர்ந்த இடம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி. மோனசைட்டில் தோரியம் உண்டு, அரிய மண் தனிமங்களும் உண்டு. அதைப் பிரித்தெடுக்க 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் உருவானது. ஆலுவாவில் அதன் ஆலை 1952-ல் தொடங்கியது.

அந்த அரிய மண் குடும்பத்தின் கடைசி உறுப்பினர் லுட்டீசியம். அதன் ஒரு வகையான லுட்டீசியம்-177, இப்போது புற்றுநோய் சிகிச்சையில் முக்கியமான மருந்து. (நம்ம மணலிலிருந்துதான் இது வருகிறது என்று நினைக்க வேண்டாம். மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலேசானவைதான் அதிகம். லுட்டீசியம் மிகச் சொற்பம்.)

இந்த மருந்தின் கதிர்வீச்சு 6.65 நாளில் பாதியாகிவிடும். இரண்டரை மாதத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்கக் கூடாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட முறையில் தயாரித்த மருந்தின் காலிக் குப்பியை ஒரு வருடம் கழித்து எடுத்து அளந்தாலும் கருவி கொஞ்சம் துடிக்கும். ஏன்? பதில், அணுக்கருவின் வடிவத்திலும் சுழற்சியிலும் இருக்கிறது.

லுட்டீசியம்-177 என்ன செய்கிறது?

புற்றுநோய் செல்லைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மூலக்கூறு, அதன் முதுகில் ஏற்றப்பட்ட லுட்டீசியம்-177 அணு: இதுதான் மருந்து. அணு சிதையும்போது பீட்டா கதிர் வெளியே வரும். அது திசுவுக்குள் ஓரிரு மில்லிமீட்டர்தான் போகும். கட்டியைத் தாக்கும், தள்ளி இருக்கும் உறுப்புகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். கூடவே வரும் 208 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கதிரை வெளியிலிருந்து கேமராவில் பிடித்து, மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்கலாம்.

நியூரோஎண்டோக்ரைன் கட்டிகளுக்கான லுட்டீசியம் மருந்துக்கு அமெரிக்கா 2018-லும், புரோஸ்டேட் புற்றுநோய்க்கானதற்கு 2022-லும் அனுமதி கொடுத்தன. இந்தியாவில் அதற்கும் முன்பே, மும்பை டிராம்பேயில் உள்ள துருவா உலையில் லுட்டீசியம்-177 தயாரிக்கும் முறையை பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிவிட்டது. அணுசக்தித் துறையின் பிரிட் அமைப்பு அதை மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது.

ஐசோமர் என்றால் என்ன?

அணுக்கரு எப்போதும் அமைதியான அடிநிலையில் இருப்பதில்லை. ஒரு மோதலுக்குப் பிறகோ, சிதைவுக்குப் பிறகோ கூடுதல் ஆற்றலோடு இருக்கும். வழக்கமாக அந்த ஆற்றலை ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் காமா கதிராகத் துப்பிவிட்டு கீழே இறங்கிவிடும். சில அணுக்கருக்கள் மட்டும் இறங்க வழி தெரியாமல் மாடியிலேயே நின்றுவிடுகின்றன. அப்படி நிற்கும் நிலைக்குப் பெயர்தான் ஐசோமர்.

முதல் ஐசோமரை 1921-ல் ஓட்டோ ஹான் கண்டுபிடித்தார். ஒரே புரோட்டான் எண்ணிக்கை, ஒரே நியூட்ரான் எண்ணிக்கை. ஆனால் இரண்டு வெவ்வேறு அரை ஆயுள். 1936-ல் வைட்சேக்கர் விளக்கம் சொன்னார்: மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் ஸ்பின் அளவில் பெரிய வித்தியாசம் இருந்தால் இறங்குவது கடினம்.

ஸ்பின் என்பதை இங்கே அணுக்கருவின் மொத்தச் சுழற்சி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அணுக்கரு வெளியிடும் ஒரு காமா கதிர் கொஞ்சம் சுழற்சியைத்தான் எடுத்துக்கொண்டு போக முடியும். ஒன்று, இரண்டு அலகு என்றால் சுலபம். அஞ்சு, எட்டு என்றால் ரொம்ப அபூர்வம்.

ஐசோமர் என்பது நீங்கள் பார்க்காத பொருளும் இல்லை. மருத்துவமனையில் எலும்பு ஸ்கேன் எடுத்திருந்தால், உடம்பில் ஏற்றப்பட்டது டெக்னீஷியம்-99எம். அந்த 'எம்' ஐசோமரைக் குறிக்கும் எழுத்து. ஐஐடி ரூர்க்கியின் அசோக் குமார் ஜெயின் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஐசோமர் அட்டவணையில் 2,400-க்கும் மேற்பட்டவை இடம்பெற்றன.

அணுக்கரு உருண்டையா, நீளமா?

பாடப்புத்தகத்தில் அணுக்கருவை உருண்டையாகத்தான் வரைவார்கள். ஈயம்-208 போன்றவற்றுக்கு அது சரி. புரோட்டானும் நியூட்ரானும் தங்கள் அடுக்குகளை முழுசாக நிரப்பும்போது அணுக்கரு உருண்டையாகும். புரோட்டானுக்கு 50, 82, நியூட்ரானுக்கு 82, 126 ஆகியவை அந்த நிறைவு எண்கள்.

அரிய மண் தனிமங்களில் பலவும் இந்த எண்களுக்கு நடுவழியில் நிற்பவை. லுட்டீசியம்-177-ல் 71 புரோட்டான், 106 நியூட்ரான். அடுக்கு பாதிதான் நிரம்பியிருக்கும் இந்த இடத்தில் அணுக்கரு நீண்டுவிடுகிறது. சாலை கடைத்தெருவில் குவித்து வைத்திருக்கும் தேங்காய்களில் மட்டை உரிக்காத ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அகலத்தைவிட நீளம் மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்றால், அதுதான் இந்த அணுக்கருக்களின் உருவம்.

வடிவம் நீண்டால் என்ன லாபம்? குவாண்டம் உலகில் கச்சிதமான உருண்டை சுழன்றால் அது சுழல்வதாகவே கணக்கில் வராது, ஏனென்றால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல்தான் இருக்கும். நீளமான அணுக்கரு, தேங்காயைத் தலைகீழாகப் புரட்டுவதுபோல், குறுக்கு அச்சில் உருள முடியும். அப்படி உருளும்போது அதன் ஆற்றல் படிகள் ஒரு ஒழுங்கான ஏணியாக அமையும்.

எர்பியம்-166-ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்பின் 2 உள்ள படி 80.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் இருக்கிறது. கெட்டியான ஒரு பொருள் சுழல்கிறது என்று கணக்குப் போட்டால், ஸ்பின் 4 படி அதைப்போல் 3.33 மடங்கிலும், ஸ்பின் 6 படி 7 மடங்கிலும் இருக்கணும். அதாவது சுமார் 269, 564. அளந்து பார்த்தால் வருவது 265, 545. கணக்கும் அளவும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். இப்படி அணுக்கருவின் கூட்டு இயக்கத்தை விளக்கியதற்காக ஆகே போர், பென் மோட்டெல்சன், ஜேம்ஸ் ரெயின்வாட்டர் மூவருக்கும் 1975-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னும் வேகமாகச் சுழற்றினால்?

வேகவைத்த முட்டையையும் பச்சை முட்டையையும் தரையில் சுழற்றிப் பார்த்திருப்பீர்கள். வேகவைத்தது ஜோராகச் சுற்றும். பச்சை முட்டையின் உள்ளே இருக்கும் திரவம் ஓட்டோடு சேர்ந்து சுற்றாது. அணுக்கருவும் மெதுவாகச் சுழலும்போது பச்சை முட்டை மாதிரிதான். உள்ளே புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஜோடி ஜோடியாக, எதிரெதிர்த் திசையில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு ஜோடியின் மொத்த சுழற்சி பூஜ்யம். அதனால் அணுக்கருவின் சுழல் எடை, கெட்டிப் பொருளுக்கு இருக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதிதான்.

1971-ல் ஸ்டாக்ஹோமில் ஜான்சன், ரைடே, ஸ்டார்கியர் மூவரும் டிஸ்ப்ரோசியம்-160-ஐ வேகமாகச் சுழலவிட்டுப் பார்த்தார்கள். ஸ்பின் கூடக்கூட சுழற்சி வேகமும் கூட வேண்டும். ஒரு கட்டத்தில், ஸ்பின் கூடியும் வேகம் குறைந்தது! வரைபடத்தில் கோடு பின்னோக்கி வளைந்தது.

அடுத்த வருடம் ஸ்டீஃபன்ஸ், சைமன் இருவரும் காரணம் சொன்னார்கள். திருவிழா ராட்டினத்தில் கைகோத்து உட்கார்ந்திருக்கும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடினால் கைப்பிடி விடும். அதுபோல அணுக்கருவுக்குள் ஒரு நியூட்ரான் ஜோடி பிரிந்து, இரண்டும் சுழற்சியின் பக்கமே திரும்பிவிடுகின்றன. அந்த இரண்டு துகள்களே பெரிய ஸ்பின்னைக் கொடுத்துவிடுவதால், முழு அணுக்கருவும் அவ்வளவு வேகமாக உருள வேண்டியதில்லை.

1986-ல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வகத்தில் டிஸ்ப்ரோசியம்-152 அணுக்கருவில், நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்கான ஓர் உருவமும், 60 வரை போகும் ஸ்பின் படிகளும் பதிவாயின.

இந்தியாவிலும் இந்த ஆய்வு நடக்கிறது. ஒரு கன அயனியை முடுக்கியில் வேகப்படுத்தி மெல்லிய உலோகத் தகட்டில் மோதவிடுவார்கள். மோதல் நேருக்கு நேராக இல்லாமல் ஓரமாகப் பட்டால், இரண்டும் சேர்ந்து பம்பரம்போல் சுழலும் புது அணுக்கரு பிறக்கும். அது சில நியூட்ரான்களை உதறிவிட்டு, காமா கதிர்களை வரிசையாக வெளியிட்டு இறங்கும். அந்தக் கதிர்களைப் பிடிக்கும் ஜெர்மானியக் கருவிகளின் தொகுப்பு 'இந்திய தேசிய காமா வரிசை'. ஜெர்மானியம் என்பது தனிமத்தின் பெயர், நாட்டைச் சொல்லவில்லை. மும்பை டிஐஎஃப்ஆர், டெல்லி ஐயுஏசி, கொல்கத்தா விஇசிசி மூன்று இடங்களுக்கும் இந்தத் தொகுப்பு மாறி மாறிப் பயணம் செய்திருக்கிறது.

சுழற்சி ஏன் சிக்கிக்கொள்கிறது?

இதுவரை சொன்னது குறுக்கு அச்சில் உருளும் சுழற்சி. நீளமான அணுக்கருவுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஜோடி பிரிந்த துகள்கள் ஒவ்வொன்றும் தன் சுழற்சியை நீள அச்சின் திசையில் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் அவற்றின் அளவுகள் கூடும்.

லுட்டீசியம்-177-ல் இப்படி மூன்று துகள்கள்: ஒரு புரோட்டான் (3.5), இரண்டு நியூட்ரான்கள் (4.5, 3.5). கூட்டினால் 11.5. இதுதான் லுட்டீசியம்-177எம் ஐசோமர். அடிநிலையின் ஸ்பின் 3.5 மட்டுமே.

இப்போது சிக்கல் இரண்டு மடங்கு. ஸ்பின் அளவும் குறையணும், நீள அச்சில் நிற்கும் சுழற்சியின் திசையும் மாறணும். ஒரு காமா கதிரால் ஒரே தாவலில் இரண்டையும் செய்ய முடியாது. திசை மாற்றத்தில் கதிரால் ஈடுகட்ட முடியாத ஒவ்வொரு அலகுக்கும் சிதைவு ஏறக்குறைய 100 மடங்கு தாமதமாகும் என்பது இத்துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. நாலு அலகு குறைந்தால் பத்துக் கோடி மடங்கு! விநாடியின் துணுக்கில் முடிய வேண்டிய காரியம் மாதக்கணக்கில் இழுப்பது இதனால்தான். லுட்டீசியம்-177எம்-இன் அரை ஆயுள் 160 நாள்.

மருந்துக்குள் இந்த ஐசோமர் எப்படி வருகிறது?

லுட்டீசியம்-177 தயாரிக்க இரண்டு வழிகள்.

முதல் வழி: லுட்டீசியம்-176-ஐ உலையில் வைத்து ஒரு நியூட்ரானைப் பிடிக்கவைப்பது. எளிது, செலவு குறைவு. துருவாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய முறை இதுதான்.

இரண்டாம் வழி: பக்கத்துத் தனிமமான இட்டெர்பியம்-176-க்கு நியூட்ரான் கொடுப்பது. அது இட்டெர்பியம்-177 ஆகி, 1.9 மணி நேர அரை ஆயுளில் லுட்டீசியம்-177 ஆக மாறும். பிறகு இட்டெர்பியத்திலிருந்து லுட்டீசியத்தை வேதிமுறையில் பிரிக்கணும். இரண்டும் குணத்தில் அண்ணன் தம்பி மாதிரி என்பதால் பிரிப்பது சிரமம், விலையும் கூடுதல்.

ஐசோமர் கலப்பு வருவது முதல் வழியில்தான். காரணம், வெறும் கூட்டல் கணக்கு. லுட்டீசியம்-176-இன் ஸ்பின் ஏற்கெனவே 7. நியூட்ரானின் அரை அலகு சேர்ந்தால் 7.5 வரை வரும். அங்கிருந்து அடிநிலையின் 3.5-க்கு நாலு அலகு கீழே. ஐசோமரின் 11.5-க்கும் சரியாக நாலு அலகுதான் மேலே! பெரும்பாலானவை காமா கதிர்களை விட்டுவிட்டு அடிநிலைக்கு இறங்கிவிடும். ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் வழிதவறி ஐசோமரில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாம் வழியில் இட்டெர்பியம்-177-இன் ஸ்பின் 4.5. அங்கிருந்து 11.5-க்குப் போக ஏழு அலகு தாண்டணும். அது நடைமுறையில் நடக்காது. அதனால் அந்த மருந்தில் ஐசோமர் இருக்காது.

கழிவுத் தொட்டியின் கணக்கு

முதல் வழியில் தயாரித்த மருந்தில், உலையிலிருந்து எடுக்கும் நேரத்தில், ஐசோமரின் கதிரியக்கம் மொத்தத்தில் பத்தாயிரத்தில் ஓரிரு பங்குதான். பத்தாயிரத்தில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் 66 நாளில், அதாவது பத்து அரை ஆயுளில், லுட்டீசியம்-177 ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஐசோமரோ அந்த நேரத்தில் கால்வாசிதான் குறைந்திருக்கும். சுமார் மூன்று மாதத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதன் பிறகு குப்பியில் மிச்சமிருக்கும் கதிர்வீச்சு பெரும்பாலும் ஐசோமருடையது. ஐசோமருக்குப் பத்து அரை ஆயுள் என்றால் 1,600 நாள், ஏறக்குறைய நாலரை வருடம்.

கதிரியக்கக் கழிவை மருத்துவமனைகள் பூட்டிய அறையில் வைத்து, தணிந்த பிறகு அப்புறப்படுத்துவது வழக்கம். இந்தியாவில் இதைக் கண்காணிப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். ஒரு நோயாளியின் கழிவு என்றால் அளவு சிறிசுதான். வாரம் பத்து, இருபது பேருக்குச் சிகிச்சை நடக்கும் இடத்தில், குப்பி, ஊசி, குழாய் என்று வருடக்கணக்கில் சேரும்போதுதான் இடப் பிரச்சினை தெரியும். மூன்று மாதத்தில் காலியாகும் என்று திட்டமிட்ட அறை, காலியாகாமல் நிற்கும்.

நோயாளி பயப்பட வேண்டுமா?

வேண்டியதில்லை. உடம்பில் சேரும் கதிர்வீச்சில் ஐசோமரின் பங்கு மிகச் சொற்பம். கட்டியில் ஒட்டாத மருந்தில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளில் சிறுநீர் வழியாகப் போய்விடும். அந்த நாட்களில் மருத்துவமனை சொல்லும் கழிப்பறைக் கட்டுப்பாடுகளையும், குழந்தைகள், கர்ப்பிணிகளிடமிருந்து விலகி இருக்கும் யோசனையையும் பின்பற்றினால் போதும். அதற்குக் காரணம் லுட்டீசியம்-177, ஐசோமர் இல்லை.

இரண்டு மருந்தும் கட்டியை ஒரே மாதிரிதான் தாக்கும். எந்த வழியில் தயாரானது என்று கேட்க வேண்டியது மருத்துவமனை நிர்வாகம். குறைந்த விலை மருந்தை வாங்கினால் கழிவுக்கு நீண்ட கால இடம் ஒதுக்கணும். விலை கூடிய மருந்தை வாங்கினால் அந்தச் செலவு மிச்சம், ஆனால் நோயாளியின் பில் ஏறும். உள்நாட்டில் மலிவாகத் தயாரிக்க முடிந்ததால்தான் பலருக்கு இந்தச் சிகிச்சை எட்டியது என்பதையும் மறக்கக் கூடாது.

'ஹாஃப்னியம் குண்டு' உண்மையா?

ஐசோமர் பற்றி இணையத்தில் தேடினால் கண்ணில் படும் இன்னொரு பெயர் ஹாஃப்னியம்-178எம்2. நாலு துகள்கள் சேர்ந்து 16 ஸ்பின்னை நீள அச்சில் வைத்திருக்கும் ஐசோமர். அரை ஆயுள் 31 வருடம். ஒரு கிராம் முழுக்க இதுவாக இருந்தால் அதில் அடைந்திருக்கும் ஆற்றல் சுமார் 130 கோடி ஜூல், அதாவது கிட்டத்தட்ட 38 லிட்டர் பெட்ரோல்.

பல் மருத்துவர் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவியால் இந்த ஆற்றலைத் திறந்துவிட முடிந்தது என்று 1999-ல் டெக்சாஸைச் சேர்ந்த கார்ல் காலின்ஸ் குழு அறிவித்தது. அமெரிக்க ராணுவ ஆய்வுத் துறை வரைக்கும் ஆர்வம் பரவியது. 2001-ல் ஆர்கான் ஆய்வகத்தில் மிக வலுவான எக்ஸ்ரே கொண்டு சோதித்தபோது அந்த விளைவு தென்படவில்லை. சவரா, மணவாளக்குறிச்சி மணலிலிருந்து எடுக்கும் சிர்கானில் சாதாரண ஹாஃப்னியம் கொஞ்சம் உண்டு. ஆனால் அது அடிநிலையில் அமைதியாக இருப்பது. அதை வைத்து யாரும் குண்டு செய்ய முடியாது.

கேரள, குமரிக் கடற்கரையின் கதிர்வீச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. அந்த மணலின் கதிர்வீச்சு மோனசைட்டில் உள்ள தோரியத்திலிருந்தும் அது சிதைந்து உண்டாகும் தனிமங்களிலிருந்தும் வருவது.

இயற்கையிலேயே கிடைக்கும் ஒரு ஐசோமரும் இருக்கு. அரிய மண் வரிசையைத் தாண்டினால் வரும் டாண்டலத்தில், பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலான அணுக்கள் டாண்டலம்-180எம். அதன் அடிநிலை எட்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஸ்பின் 9-ல் மாட்டிக்கொண்ட மேல்நிலையோ, பிரபஞ்சத்தின் வயதைவிடப் பல மடங்கு நீண்ட காலமாக அசையாமல் நிற்கக்கூடியது. அது சிதைவதை இதுவரை எந்தக் கருவியும் பார்த்ததில்லை. அந்தக் கணக்கில் லுட்டீசியத்தின் நாலரை வருடம் பரவாயில்லை. அந்த நாலரை வருடத்துக்குப் பூட்டு போட்ட ஓர் அறை இருந்தால் போதும்.